அண்ணி பறித்த குப்பைமேனி

புண்ணுக்குக் குப்பைமேனியை அரைத்துப் பூசுகிறோமே, அது உண்மையிலேயே கிருமியைக் கொல்கிறதா என்று சேலத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் சோதித்துப் பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. இலைக்குப் பஞ்சமில்லை. ஆட்டையாம்பட்டிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் கேட்பாரற்று முளைத்துக் கிடக்கும். வெயிலில் குனிந்து பறிப்பது எனக்கு ஆகாத வேலை என்பதால் அதை அண்ணியின் தலையில் கட்டினேன். அவர் பறித்து, நிழலில் உலர்த்திக் கொடுப்பார். சேலத்துக்கு வேலைக்கு வரும் அண்ணன் பையைக் கொண்டுவந்து தருவார்.

முதல் சோதனையே அமர்க்களம். தட்டு முழுக்கப் பாக்டீரியா படர்ந்திருக்க, இலைச்சாற்றில் நனைத்த சிறு காகிதத்தைச் சுற்றி மட்டும் ஒன்றும் வளரவில்லை. ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தெளிவான வட்டம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கைடு மேடம் துறை முழுவதையும் கூப்பிட்டுக் காட்டினார். இன்னொரு முறை செய்து உறுதிப்படுத்திவிட்டால் ஆய்வுக் குழுவின் முன் இதையே வைத்துவிடலாம் என்றார்.

அந்த வாரம் பார்த்து அண்ணி ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். வேறு வழியில்லாமல் நானே பறித்து, குழாய்த் தண்ணீரில் அலசி, உலர்த்தி எடுத்து வந்தேன். இந்த முறை காகிதத்தைச் சுற்றி நூல் அளவுக்கு ஒரு வளையம், அவ்வளவுதான். மறுபடி செய்தேன், அதே நூல். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, கிருமி வளர்க்கும் இன்குபேட்டர் பெட்டியை வாய்க்கு வந்தபடி திட்டினேன். கடைசியில் அண்ணிக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்கண்ணி, தழைய எப்படி அலசுனீங்க?"

"ஊட்டுல கீரை அலசற மாதிரிதான் அம்மணி. உப்பும் மஞ்சத்தூளும் போட்டு ஊற வெச்சேன். குப்பையில மொளச்சது, அப்படியே காலேஜுக்குக் குடுத்து உட்டா நம்மள என்ன நெனைப்பாங்க?"

எனக்குத் தலை சுற்றியது. மஞ்சள் கிருமியைக் கொல்லும் என்பது பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சாறு தங்கமாக மின்னுகிறது என்று நான் பீற்றிக்கொண்டதெல்லாம் மஞ்சள்தூள்!

"வட்டம் பெருசா வரோணும்னா சொல்லு சாமி, மஞ்ச தூக்கலாப் போட்டுத் தாரேன்" என்றார் அண்ணி.

சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பொய் சொல்வானேன், ஒரு நிமிஷம் ஆசையாகவும் இருந்தது. யாருக்குத் தெரியப்போகிறது?

மறுநாள் மேடத்திடம் போய் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். நூல் அளவானாலும் அது இலையின் சொந்த வேலை, குழுவின் முன் அதையே வைப்போம் என்றார். எனக்கு உயிர் வந்தது.

பிறகு என் ஆய்வு நோட்டை எடுத்து, முதல் சோதனையின் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். 'இலை சேகரித்தவர்' என்ற இடத்தில் என் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

நான் பேனாவை எடுத்து அதை அடித்துவிட்டு, அண்ணியின் பெயரை எழுதினேன்.