ஃபிட்டர் வீட்டுப் பாட்டும் கீழ்வீட்டுத் தூக்கமும்

மூன்றாம் மாடிக்காரரை அந்தக் கட்டடத்தில் எல்லோரும் ஃபிட்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். நெசவாலையில் தறி ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தத் தறிக்கூடம் எப்படிப்பட்டதென்றால், உள்ளே ஒருவன் தும்மினால் அது அவனுக்கே தெரியாது. பக்கத்தில் நிற்பவன் மூக்கைப் பார்த்துச் சொல்லியாக வேண்டும். இடி இடித்துப் பேய்மழை கொட்டிய நாட்களில், வேலை முடிந்து வெளியே வந்தவர்கள் தரை ஏன் ஈரமாக இருக்கிறது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். கூரையில் உட்கார வந்த காக்கைகள் தள்ளாடிக்கொண்டே திரும்பிப் போனதாகவும் ஒரு பேச்சு உண்டு. நம்பாதவர்கள் காக்கைகளிடம் விசாரித்துக்கொள்ளலாம்.

அப்படிப்பட்ட இடத்தில் ஆயுளைக் கழித்தவரின் காது என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல டாக்டர் வேண்டியதில்லை. ஆனால் ஃபிட்டரைக் கேட்டால் அவர் காதுக்கு ஒரு குறையும் இல்லை. ஊரில் உள்ளவர்கள்தான் வரவர முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். செய்தி வாசிப்பவர் முணுமுணுத்தார், பஸ் கண்டக்டர் முணுமுணுத்தார், பேரப்பிள்ளைகள் போனில் முணுமுணுத்தார்கள். குக்கர்கூட விசில் அடிப்பதை நிறுத்திக்கொண்டது. புதுக் குக்கர் வாங்கி வந்தார். அதுவும் ஊமையாகவே இருந்தது.

"இப்ப வர்ற சாமான் எதுலயும் உயிரே இல்ல" என்றார்.

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டு, அலறிக்கொண்டிருந்த குக்கரை அவர் மனைவி இறக்கி வைத்தாள். காதைப் பற்றி அவரிடம் பேசினால் மூன்று நாளைக்குச் சாப்பாட்டுத் தட்டைத் தொடமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும்.

தறிக்கூடத்தில் இருந்த காலமெல்லாம் கேட்க முடியாமல் போன பாட்டை ஓய்வுக்காலத்தில் சேர்த்துவைத்துக் கேட்பது என்று ஃபிட்டர் முடிவு செய்திருந்தார். கிளாரினெட் என்றால் அவருக்கு உயிர். இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் வாங்கி ஹாலில் நிறுத்தினார். காலைப் பலகாரம் முடிந்து கை கழுவியதும் ஈரக் கையோடு பாட்டைப் போடுவார். சத்தத்தைக் கூட்டும் திருகு முதலில் பாதியில் நின்றது, பிறகு முக்காலுக்கு வந்தது, பிறகு அதற்கு மேல் திரும்ப இடமில்லாமல் நின்றது. ஊதிய கலைஞரே நேரில் வந்து அந்த ஹாலில் நின்று ஊதியிருந்தாலும் பாதிச் சத்தம்தான் வந்திருக்கும், மிச்சப் பாதிக்கு அவர் மன்னிப்புக் கேட்டிருப்பார்.

சரியாக அந்த நேரத்துக்குத்தான் இரண்டாம் மாடி நர்ஸ் படுக்கப் போவாள். ஆஸ்பத்திரியில் அவளுக்கு எப்போதும் இரவு வேலை. கண்ணை மூடினால் மேலே கிளாரினெட். பஞ்சை வைத்தாள், தலையணையை வைத்தாள், கடைசியில் குளியலறையில் பாய் போட்டுப் படுத்துப் பார்த்தாள். ஒருநாள் ஒரே நோயாளிக்கு இரண்டு முறை காய்ச்சல் பார்த்துவிட்டு மூன்றாம் முறையும் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு போனபோது, "ஏம்மா, நீ போய்ப் படு, நான் வேணா டூட்டி பாக்கறேன்" என்று அந்த நோயாளியே சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் அவள் குடியிருப்போர் சங்கத்துக்குப் போனாள்.

சங்கச் செயலாளர் சண்டைக்கு அஞ்சுகிற மனிதர். ஃபிட்டர் வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு தீர்மானத்தைச் சொன்னார்.

"ஃபிட்டர் சார், ஞாயித்துக்கிழம நானே வந்து பாப்பேன். கீழ சத்தம் கேட்டுச்சுன்னா பெட்டி ரெண்டும் இந்தக் கட்டடத்துல இருக்கக் கூடாது. கமிட்டி முடிவு சார், என் முடிவு இல்ல."

"முணுமுணுக்காம சொல்லுங்க சார்."

செயலாளர் அதையே இன்னொரு முறை, தெருக்கோடிவரைக்கும் கேட்கும்படி சொன்னார்.

பெட்டி போய்விட்டால் வீட்டில் தனக்கு என்ன மிச்சம் என்று ஃபிட்டர் அன்று இரண்டு வேளை யோசித்தார். ஊமைக் குக்கரும் முணுமுணுக்கிற உலகமும்தான் மிச்சம். மறுநாள் காலை வேலையில் இறங்கினார்.

முதலில் சுவரெங்கும் முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அட்டை அட்டையாக முட்டை வாங்கினார். வீட்டில் முட்டையைத் தவிர வேறெதுவும் சமைக்க வழியில்லாமல் போயிற்று. குழம்பிலும் முட்டை, ரசத்திலும் ஏதோ மிதந்தது. "இன்னும் ஒரு சுவர் பாக்கின்னா நான் கொக்கரிக்க ஆரம்பிச்சுடுவேன்" என்றாள் மனைவி. கட்டடத்துக்கே முட்டை தானம் நடந்தது. அட்டை ஒட்டிய பிறகு ஹாலுக்குள் பேச்சு கொஞ்சம் மெத்தென்று ஆனதே தவிர, வெளியே போகிற சத்தம் வழக்கம்போல் போய்க்கொண்டிருந்தது.

அதனால் அட்டையைப் பிய்த்துவிட்டுச் சட்டம் அடித்து, நடுவில் கனமான பஞ்சுப் பாளங்களைத் திணித்து, மேலே இரட்டைப் பலகை போர்த்தினார். கதவு விளிம்பில் ரப்பர் பட்டை. தரையில் கம்பளம், கம்பளத்துக்கு மேல் இன்னொரு கம்பளம். ஹால் நான்கு பக்கமும் உள்ளே வந்து, ஒரு பெரிய பீரோவுக்குள் குடியிருப்பது போல் ஆயிற்று.

இவ்வளவும் நல்ல வேலை. வேறு யாராவது என்றால் இதோடு நிறுத்தியிருப்பார்கள். ஆனால் அவர் ஃபிட்டர். முழுச் சத்தத்தில் பாட்டு ஓடும்போது ஸ்பீக்கர் பெட்டிகள் லேசாக நடுங்குவதைப் பார்த்துவிட்டார். ஆடுகிற மெஷின்தான் சத்தம் போடும், தரையோடு இறுக்கினால் அடங்கிவிடும் என்பது ஆலையில் அவர் கற்ற முதல் பாடம். கம்பளத்தை வெட்டி, தரையைத் துளைத்து, கட்டைவிரல் பருமனில் போல்ட்டுகளை இறக்கி, இரண்டு பெட்டிகளையும் கான்கிரீட்டோடு சேர்த்து முறுக்கினார். தறியைக் கட்டுகிற கணக்கில் கட்டினார். பூகம்பம் வந்து கட்டடம் போனாலும் பெட்டிகள் அங்கேயே நிற்கும்.

பாட்டைப் போட்டுவிட்டுப் படிக்கட்டில் போய் நின்று கதவில் காதை வைத்தார்.

"பாத்தியா? ஒரு பொட்டுச் சத்தமில்ல."

மனைவி கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கம்பி தாளம் போட்டுக்கொண்டிருந்தது. "எனக்குக் கேக்குதுங்க."

"உனக்குப் பழக்கம். மனசுல கேக்குது."

மறுநாள் காலையில் நர்ஸ் மாடியேறி வந்தாள். கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன.

"அங்கிள், என்னதான் பண்ணீங்க? இத்தன நாள் பாட்டு மேலதான் இருந்துச்சு. இப்ப என் கட்டில்லயே ஏறிப் படுத்துக்குது!"

ஃபிட்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "வாம்மா, நானே வந்து பாக்கறேன்" என்று, பாட்டைப் போடச் சொல்லி மனைவிக்குச் சைகை காட்டிவிட்டு, விறுவிறுவென்று இறங்கிப் போனார்.

நர்ஸின் படுக்கையறை நடுவில் நின்று மேலே பார்த்தார். அமைதி. கோயில் கர்ப்பகிரகம் மாதிரி அமைதி. அவர் முகத்தில் வெற்றிச் சிரிப்பு வந்தது. மேசைமேல் இருந்த தம்ளரில் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கிக்கொண்டிருந்தது, அதை அவர் பார்க்கவில்லை.

நர்ஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாக அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, "அங்கிள், காப்பி சாப்பிடறீங்களா?" என்றாள். அவர் கூரையை ரசித்துக்கொண்டிருந்தார். "அங்கிள், உங்க சட்டக் காலர்ல பல்லி" என்றாள். அதற்கும் அசையவில்லை.

அவள் முன்னால் வந்தாள். ஊசி போடும்போது பிடிப்பது போல் அவர் மணிக்கட்டைப் பிடித்து, உள்ளங்கையைச் சுவரில் விரித்து வைத்தாள்.

ஃபிட்டர் கையை எடுக்கவில்லை. தறிக்கூடத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது. எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று அவர் இந்தக் கையால் தொட்டுத்தான் கண்டுபிடிப்பார். இப்போது சுவருக்குள்ளிருந்து கிளாரினெட் அவர் கைக்குள் ஏறிக்கொண்டிருந்தது. சுண்டுவிரல் தானாகத் தாளம் தட்ட ஆரம்பித்தது.

"ரெண்டாவது பாட்டு" என்றார். "இதோ... இந்த எடத்துல மூச்சு வாங்குவாரு. வாங்கிட்டாரு."

கையைச் சுவரோடு மேலே நகர்த்திக் கூரையைப் பார்த்தார்.

"போல்ட்டு" என்றார் பிறகு. "கான்கிரீட்டோட இறுக்கிட்டேன். பாட்டு மொத்தமும் தரை வழியா உங்க வீட்டுக்கு எறங்குது. ஏம்மா, உனக்கு இது காதுல கேக்குதா?"

"கேக்குது அங்கிள்."

"நல்லாவா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஃபிட்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "எனக்குக் கேக்கலம்மா" என்றார். அதை ரகசியமாகச் சொன்னதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டார். மாடியில் இருந்த மனைவிக்குக் கேட்டு, அவள் பாட்டை நிறுத்தினாள்.

சுவரில் நடுக்கம் நின்றதும் ஃபிட்டர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் காது டாக்டர் எந்தக் கிழமை வருவார் என்பதை நர்ஸ் அவர் முகத்துக்கு நேராக, உதடு தெரியச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். அன்றைக்குத் தட்டைத் தொடாமல் இருக்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை செயலாளர் வந்தபோது போல்ட்டுகள் எல்லாம் கழன்றிருந்தன. ஒரு பெட்டி பரணுக்குப் போயிருந்தது. இன்னொன்று ஃபிட்டருடைய மர நாற்காலியின் முதுகில் நான்கு போல்ட் போட்டு முறுக்கப்பட்டிருந்தது. நாற்காலியின் கால்களுக்குக் கீழே தடிமனான ரப்பர் கட்டைகள். திருகு கால்வாசியில் நின்றது. பக்கத்து வீட்டு ரேடியோவைப் போல் கிளாரினெட் அடக்கமாக ஒலித்துக்கொண்டிருந்தது.

"இவ்வளவுதான் சத்தமா? இது உங்களுக்குப் போதுமா சார்?" என்றார் செயலாளர்.

"உக்காந்து பாருங்க" என்று ஃபிட்டர் நாற்காலியைக் காட்டினார்.

செயலாளர் உட்கார்ந்தார். எழுந்திருக்கப் போனார். மறுபடி உட்கார்ந்தார். முதுகெலும்பு வழியாகக் கிளாரினெட் ஏறி அவர் மூக்குக்கண்ணாடிவரைக்கும் வந்துவிட்டது. வந்த வேலை மறந்து போய்க் கண்ணை மூடிக்கொண்டார்.

இரவு வேலை முடிந்து நேராக அங்கே வந்திருந்த நர்ஸ், "நான் கீழ போய்க் கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று இறங்கிப் போனாள். ஒரு பாட்டு முடிந்தது. இன்னொன்றும் முடிந்தது. அவள் வரவில்லை. மனைவி எட்டிப் பார்க்கப் போனாள். கதவு திறந்தே கிடந்தது.

திரும்பி வந்து, "அந்தப் பொண்ணு தூங்கிடுச்சு சார்" என்றாள். "ஷூகூட கழட்டல."

"கேக்குதா இல்லையான்னு அவங்க வாயால சொல்லணுமேம்மா. நான் கமிட்டிக்கு என்னன்னு எழுதறது?" என்றார் செயலாளர், நாற்காலியை விடாமல்.

"தூங்கிடுச்சுன்னு எழுதுங்க."

"அந்தப் பொண்ணு என்ன சொல்றா? கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லேன்" என்றார் ஃபிட்டர்.

"கத்தினா எந்திரிச்சுடுவா" என்று சொல்லிவிட்டு, மனைவி இரண்டு கையையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினாள்.