நஞ்சுண்டனின் வண்டியும் கால்வாசி டாங்கும்

ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் நஞ்சுண்டனைத் தெரியாத தமிழ்க் குடும்பம் கிடையாது. கோபிச்செட்டிபாளையத்துக்காரர், ஹூஸ்டனில் என்ஜினியர். தொண்ணூற்று நாலில் கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும் மோட்டார்ஹோம் ஒன்று வாங்கி, அங்குள்ள மீனாட்சி கோயிலில் பூஜை போட்டார். அதோடு சரி. சோபாவின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. கார்ல்ஸ்பாட் குகைக்கு "அடுத்த லீவுக்குப் போலாம்" என்று மூன்று வருஷம் சொன்னார். நாய்க்குக் கிடைத்த முழுத்தேங்காய் என்று கோயில் சாப்பாட்டு வரிசையில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவர் வண்டி, அவர் இஷ்டம்.

அவர் தெருவில் அவ்வளவு பெரிய வண்டியை நிறுத்தக் கூடாது. அதனால் அது நண்பன் வேலுமணியின் வீட்டுக் கொல்லையில் நின்றது. சாவி மட்டும் நஞ்சுண்டன் வீட்டில். வேலுமணியைச் சொந்தத் தம்பி என்றுதான் சொல்வார்.

தொண்ணூற்றேழு கோடையில் நிலத்தகராறு என்று தனியாக ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினார். மனைவி சாந்தாமணியையும் மகள் கயலையும் இந்த முறை குகைக்குக் கூட்டிப் போயே தீருவது, அதுவரை வாய் திறப்பதில்லை என்று முடிவு. ஆகஸ்ட் வெயிலில் ஏசி வேண்டும். ஏசிக்கு ஜெனரேட்டர் ஓடவேண்டும். வேலுமணி கொல்லைக்குப் போய் அதைப் போட்டுப் பார்த்தார். சுற்றியது, ஸ்டார்ட் ஆகவில்லை.

"சும்மா கெடந்த பெட்ரோலு, கெட்டுப் போயிருக்குங்ணா" என்றான் வேலுமணி.

நம்பினார். பேட்டரி சரி, ஆயில் சரி. பில்டரைக் கழற்றினார். கெட்ட பெட்ரோல் என்றால் பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும். இது வறண்டு கிடந்தது. ஜெனரேட்டரும் வண்டியின் டாங்கிலிருந்துதான் பெட்ரோல் எடுக்கும்; டாங்க் கால்வாசிக்குக் கீழே போனால் அதற்கு ஏறாது. வண்டி வீடு திரும்ப மிச்சம் வேண்டும் என்று செய்த ஏற்பாடு அது. ஆனால் அவர் கழுத்துவரை நிரப்பியல்லவா நிறுத்தினார்? ஓடிப்போய்ப் பெட்ரோல் முள்ளைப் பார்த்தார். கால்வாசிக்கும் கீழே.

ஒழுகியிருக்குமோ என்று குனிந்தார். ஒழுகவில்லை. டயருக்குப் பின்னால் நசுங்கிய எலுமிச்சம்பழம் ஒன்று கிடந்தது, தோலில் இன்னும் மஞ்சள் போகாமல். திருட்டுத்தனமாகப் புறப்பட்டாலும் நம்மவர்களுக்குச் சாங்கியம் விடாது.

"வேலு, வண்டிய எடுத்தியா?"

வேலுமணி தலையைத் தொங்கப் போட்டான்.

"வேலியே பயிர மேஞ்சா நான் எங்கடா போவேன்? தம்பின்னு நெனச்சனேடா!"

"எங்கிட்டச் சாவி ஏதுங்ணா? அண்ணிதான் கொண்டாந்து குடுத்தாங்க. கார்ல்ஸ்பாட் ட்ரிப்ப பிளான் பண்ணதே அவங்கதானுங்க. நாங்க கூடப் போனோம், அவ்வளவுதான்."

நஞ்சுண்டன் சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். ஊரிலிருந்து வாரம் தவறாமல் போன் செய்தாரே, ஒரு வார்த்தை சொன்னாளா? நண்பன் ஏமாற்றினால் சண்டை போட்டு முறித்துக்கொள்ளலாம். பெண்டாட்டி ஏமாற்றினால் யாரிடம் போய்ச் சொல்வது?

வீட்டில் சாந்தாமணி மறைக்கவில்லை. "கேட்டா அடுத்த லீவும்பீங்க. புள்ள அதுக்குள்ள காலேஜே போயிருவாளுங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா, போன் வெச்ச கையோட வேலுமணியக் கூப்பிட்டு, டயர்ல காத்தப் புடுங்கி விடச் சொல்லியிருப்பீங்க."

சொல்லியிருப்பார்தான். அதனால் இன்னும் வலித்தது. சோபா ஓரத்தில் நின்ற மகளிடம் திரும்பினார்.

"கயலு, குகை நல்லா இருந்துச்சா?"

பத்து வயதுக் கயல் முதலில் அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள்.

"நோ அப்பா. இட் வாஸ் ரியலி போரிங்" என்றாள்.

பொய். அவள் கண்ணிலேயே தெரிந்தது. அவருக்கு வலிக்கக் கூடாது என்று இந்த வீட்டில் குழந்தைகூடப் பொய் சொல்லப் பழகியிருந்தது.