தேன் போத்தலில் துரையின் விஸ்கி

என் கணவர் ஐந்து வருடம் ‘பதில்’ பெரிய கிளாக்கராக இருந்தார். நீர்ப்பாசனக் கந்தோரில் கதிரை அதுதான், வேலை அதுதான், வாங்கும் ஏச்சும் அதுதான். பதவிக்கு முன்னால், இவர் தற்காலிகம்தான் என்று சொல்லும் அந்தப் ‘பதில்’ மட்டும் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு விழமாட்டேன் என்றது. அது விழுந்தால் சம்பளம் கூடும், மூன்று பெண்பிள்ளைகளையும் இங்கிலிஷ் பள்ளிக்கூடத்தில் தொடர்ந்து படிப்பிக்கலாம். விழாவிட்டால் யாழ்ப்பாணத்திலிருந்து யாராவது டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்குவார், இவர் பழைய மூலை மேசைக்குப் போகவேண்டியதுதான். எல்லாம் எஞ்சினியர் துரை எழுதும் ஓர் அறிக்கையில் தங்கியிருந்தது. அந்தத் துரையோ தை மாதம் கப்பலேறி ஒரேயடியாக ஊர் போக இருந்தார்.

ஆகவே அந்த வருடம் எங்கள் வீட்டில் நத்தார் கொண்டாடியது பாலன் இயேசுவுக்காக என்று சொன்னால் பொய். துரைக்காகத்தான் கொண்டாடினோம்.

நத்தாருக்கு முந்திய கிழமை துரையின் பங்களாவுக்குக் காணிக்கை கொண்டுபோவது கந்தோர் வழக்கம். ஓவசியர்மார் காலைக் கட்டிய சேவல்களோடு போவார்கள். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டை விதானைமார் எருமைத் தயிர்ச் சட்டிகளைக் காவுதடியில் கட்டிக்கொண்டு போவார்கள். துரைக்குத் தயிர் பிடிக்காது, சேவலைக் கண்டால் பயம். இது பதினொரு வருடமாக எல்லாருக்கும் தெரியும், பதினொரு வருடமாக எல்லாரும் கொண்டுபோனார்கள். இவர் வழக்கமாக ஒரு சட்டி தயிர் கொண்டுபோவார். அந்த வருடம் அறிக்கையை நினைத்து மூன்று சட்டி கொண்டுபோனார்.

அந்த முறை துரை ஒரு புதினம் செய்தார். நத்தாருக்கு நாலு நாள் இருக்கையில் அவருடைய பியோன் மழையில் நனைந்துகொண்டு நாவற்குடாவுக்கு எங்கள் வீடு தேடி வந்து, சாக்கில் சுற்றிய ஒரு போத்தலையும் ஒரு சொக்கலேட் தகரத்தையும் கடிதமொன்றையும் தந்துவிட்டுப் போனார். துரை ஸ்கொத்லாந்தின் மேற்குக் கடலில் உள்ள ஒரு சிறு தீவில் பிறந்தவர். போத்தலில் இருந்த விஸ்கி அந்தத் தீவிலேயே வடித்ததாம். வருடா வருடம் இரண்டு போத்தல் அவருடைய தமையன் அனுப்புவாராம். இது தனக்கு இங்கே கடைசி நத்தார், கந்தோரில் எல்லாரும் தனக்குக் கொண்டுவந்து தருகிறார்களே தவிர அவர்களில் ஒருவரும் தன்னோடு இருந்து ஒன்றும் குடித்ததில்லை, ஆகையால் நத்தாருக்கு மறுநாள் பின்னேரம் ஐந்து மணிக்கு எங்கள் வீட்டுக்கு வருவதாகவும், அதுவரை போத்தலைத் திறக்காமல் வைத்திருக்கும்படியும் எழுதியிருந்தார்.

இவர் அந்தக் கடிதத்தை நாலு தரம் வாசித்தார். வாசித்து முடித்ததும் போத்தலைத் திறக்க முடிவு செய்தார்.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். குடித்துவிட்டு ‘எப்படி இருக்கிறது?’ என்று துரை கேட்பார் அல்லவா? அந்த நேரத்தில் நாக்குத் தடுமாறினால் ஐந்து வருடப் பாடும் வீணாகிவிடும். ஆகவே முதலே ருசி பார்த்து, சொல்லவேண்டியதை இங்கிலிஷில் எழுதி, பாடமாக்கிக்கொள்ள வேண்டும். கந்தோரில் இரண்டு வரிக் கடிதத்துக்கும் முதலில் நகல் எழுதிப் பார்க்காமல் மை தொடாத மனிதர் இவர். புகழ்ச்சிக்கும் அவருக்கு நகல் வேண்டியிருந்தது.

இவருக்குக் குடிப்பழக்கம் இல்லை. ஆகையால் ருசி சொல்ல என் அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணன் வெல்லாவெளியில் வயல் செய்கிறவர். வயல் மட்டும்தான் செய்கிறவர் என்று நான் சொன்னால் அந்தப் பக்கத்து ஆட்கள் சிரிப்பார்கள். அவருடைய வாடிக்குப் பின்னால் மரங்களுக்குள் ஒரு பானை எரிந்துகொண்டிருக்கும், அதிலிருந்து கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் வடியும். மட்டக்களப்பு வாவிக்கு அந்தக் கரையில் குடிவகை பற்றி அண்ணன் சொன்னால் அது சட்டம்.

இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு, பேனாக்கத்தியால் போத்தல் வாயின் ஈயத்தாளை மெல்லக் கழற்றித் தக்கையை எடுத்தார்கள். அண்ணன் மணந்து பார்த்தார். ஒரு மிடறு குடித்தார். முகம் கோணிப்போயிற்று.

“மச்சான், இது அடிப்பிடிச்ச சரக்கு. ஒரே புகை மணம். எங்கட வாடியில இப்பிடி வடிஞ்சா எருமைக்கும் வைக்கமாட்டம்.”

இவரும் குடித்துப் பார்த்து இருமினார். “ஆசுபத்திரி மருந்து மணமும் அடிக்கிதே மச்சான்! துரை சீமையில இரிந்து வந்த சரக்கெண்டெல்லோ எழுதியிரிக்காரு?”

“சீமையில இரிந்து வெளிக்கிட்டது நல்ல சரக்குத்தான். வழியில எவனோ அதக் குடிச்சிப்போட்டு இத ஊத்தி அனுப்பியிரிக்கான். துரை பாவம், ஏமாந்துபோனாரு.”

இவருக்கு வேர்த்துக் கொட்டியது. துரை எங்கள் வீட்டில் வந்து இருந்து, எங்கள் கிளாசில் இந்த நாற்றத்தை ஊற்றிக் குடித்தால் யாரைச் சந்தேகிப்பார்? வழியில் நின்ற எவனையோ சந்தேகிப்பாரா, வீட்டில் வைத்திருந்த கிளாக்கரைச் சந்தேகிப்பாரா? அறிக்கையில் என்ன எழுதுவார்? இருவரும் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு யோசித்தார்கள். கடைசியில் துரையின் மானத்தையும் தங்கள் மானத்தையும் ஒரேயடியாகக் காப்பாற்ற ஒரு வழி கண்டார்கள். றெஸ்ட் ஹவுஸில் விற்கும் முதல்தரத் தென்னஞ்சாராயத்தை வாங்கி அந்தப் போத்தலில் ஊற்றிவிடுவது. நிறம் ஒன்றுதான். வாசத்துக்கு இரண்டு கராம்பு போட்டு ஊறவைத்து எடுத்துவிடலாம் என்றார் அண்ணன். ஈயத்தாளைத் திரும்ப ஒட்டக் கந்தோர்க் கோந்து இருந்தது.

“இஞ்ச புள்ள, இதக் கொண்டுபோய் முருங்கைக்கடியில ஊத்து. மறுகா போத்தல நல்லாக் கழுவித் தா,” என்றார் இவர்.

நான் குசினிக்குக் கொண்டுபோனேன். ஊற்றத்தான் போனேன், ஆண்டவர் சாட்சி. ஆனால் தக்கையை எடுத்ததும் வந்த மணம் எனக்கு அருவருக்கவில்லை. மார்கழி மழையில் ஈரக் கண்டல் விறகை அடுப்பில் வைத்துக் கண் எரிய எரிய ஊதுகிறவளுக்குப் புகையில் என்ன புதினம்? அதற்குள்ளே வாவிக்கரை உப்புக்காற்றும் ஏதோ பச்சிலை மருந்தும் இருந்தன. தேநீர்க் கரண்டியால் ஒரு கரண்டி குடித்தேன். தொண்டையில் நெருப்பு, நெஞ்சில் சூடு, பிறகு நாக்கில் ஓர் இனிப்பு மெல்ல வந்து குந்திக்கொண்டது. இரண்டாவது கரண்டியும் குடித்தேன். அடுப்படியில் நின்று எனக்கு நானே சிரித்தேன்.

மதிப்புக்குரிய இரண்டு ஆண்கள் எருமைக்கும் ஆகாது என்று தீர்ப்புச் சொன்ன பண்டத்தை முருங்கை மரத்துக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கழுவிக் கவிழ்த்திருந்த தேன் போத்தல் ஒன்றில் அதை ஊற்றி, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன். வெறும் போத்தலைக் கழுவிக் கொடுத்தேன்.

சொக்கலேட் தகரம் அலுமாரியில் இருந்தது. துரை வரும்வரை ஒருவரும் தொடக்கூடாது என்பது இவருடைய கட்டளை. பிள்ளைகள் அலுமாரிக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். அலுமாரித் திறப்புக்கொத்து என் இடுப்பில் இருந்தது. மூடியைத் திறந்தால் மேலே ஓர் அடுக்கு, நடுவில் வெள்ளைத்தாள், அதற்குக் கீழே இன்னோர் அடுக்கு. கீழடுக்கில் கை வைத்தால் மேலடுக்குக் குலையாது. பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று கொடுத்து, வாயைத் துடைத்துவிட்டேன்.

அடுத்த நாட்களில் இவர் கந்தோருக்கும் ஆராதனைக்கும் போயிருக்கும் நேரம் பார்த்து, குசினி வாசலில் பலகைக்கட்டையைப் போட்டு இருந்து, மழையைப் பார்த்துக்கொண்டு, தேநீர்க் கோப்பையில் இரண்டு விரல் விஸ்கியும் ஒரு சொக்கலேட்டும் எடுத்துக்கொள்வேன். கறுத்த சொக்கலேட்டை நாக்கில் கரையவிட்டு, அது முற்றாகக் கரைய முன்னே ஒரு மிடறு குடிக்க வேண்டும். கசப்பும் புகையும் ஒன்றோடொன்று சண்டைபிடித்துச் சமாதானமாகும். இதை எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. கலியாணம் கட்டிப் பத்து நத்தார் வந்து போயிருந்தது. பலகாரம் சுட்டு, வந்தவர்களுக்குப் பரிமாறி, கோப்பை கழுவியே பத்தும் போனது. எனக்கென்று இருந்து நான் ருசித்த முதல் நத்தார் அதுதான். வெட்கமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை.

அறையிலே இவர் பாடமாக்கும் சத்தம் கேட்கும். “இதைவிடச் சுத்தமான விஸ்கியை நான் கண்டதில்லை, சேர்” என்று இங்கிலிஷில் சொல்லுவார். பிறகு ‘கண்டதில்லை’யா ‘சுவைத்ததில்லை’யா என்று தனக்குள் வாதாடுவார்.

நத்தாருக்கு மறுநாள் சரியாக ஐந்து மணிக்குத் துரை வந்தார். குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டு, தலை கதவு நிலையில் இடிபடாமல் குனிந்து உள்ளே வந்தார். பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள். இவரும் அண்ணனும் கதிரை நுனியில் இருந்தார்கள். நான் கேக் தட்டோடு திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன்.

துரை போத்தலைக் கையிலெடுத்து, ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் பார்க்கிற மாதிரி அதில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். ஈயத்தாளை விரலால் தடவியபோது ஒருகணம் நின்றார். மூன்று கிளாசில் ஊற்றினார். மணந்தார். கண்ணைச் சுருக்கினார். ஒரு மிடறு குடித்துவிட்டு, கிளாசை மேசையில் வைத்துவிட்டார்.

இவருக்கு அதுவொன்றும் விளங்கவில்லை. பாடமாக்கியது தொண்டையில் முட்டிக்கொண்டு நின்றதே! “இதைவிடச் சுத்தமான விஸ்கியை நான் சுவைத்ததில்லை, சேர். புகை மணம் ஒரு பொட்டும் இல்லை!” என்றார். கடைசி வரி பாடத்தில் இல்லாதது, அந்த நேர உற்சாகத்தில் வந்தது.

துரையின் முகம் வெளுத்துச் சிவந்தது. கோபத்தைவிடத் துக்கம்தான் அதில் கூட இருந்தது. “இதைத் திறந்தது யார்?” என்று மெல்லக் கேட்டார்.

அண்ணன் கூரை ஓடுகளை எண்ணத் தொடங்கினார். இவருடைய கண் ஒருமுறை துரையிடம் போயிற்று, ஒருமுறை போத்தலிடம் போயிற்று, பிறகு திரைச்சீலைக்கு வந்தது.

“என் மனைவி, சேர்,” என்றார் இவர். “அவளுக்கு இந்தப் பலவீனம் உண்டு. வெட்கத்தினால் நான் வெளியில் சொல்வதில்லை. குடித்துவிட்டுச் சாராயத்தை ஊற்றி வைத்திருக்கிறாள் போல.”

நான் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்தது அவருக்குத் தெரியாது. தெரியாமல்தான் சொன்னார், முழுப் பொய்யென்று நினைத்துக்கொண்டுதான் சொன்னார். பத்து வருடம் அவருக்குச் சோறு போட்டவளைக் குடிகாரியாக்க அவருக்கு அரை நிமிடம் போதுமாக இருந்தது. என் நெஞ்சு கொதித்தது. கேக் தட்டோடு திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

துரை எழுந்து நின்று, “அது உண்மையா, அம்மா?” என்று என்னைக் கேட்டார்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலிஷ் எனக்குப் போதுமானதாக இருந்தது. ‘இல்லை’ என்று ஒரு சொல் சொன்னால் போதும், ஐந்து வருடமும் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். அதைச் சொல்ல எனக்கு ஆசையாகவே இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் மூத்தவள் அடுத்த தவணைக்கான புத்தகங்களுக்கு உறை போட்டு வைத்திருந்தாள். அவளும் தங்கைகளும் சுவரோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“உண்மை, சேர். நான்தான் குடித்தேன்,” என்றேன். “மிக நல்ல விஸ்கி. உங்கள் சொக்கலேட்டோடு குடித்தால் இன்னும் நல்லது.”

குசினிக்குப் போய்த் தேன் போத்தலைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். கால்வாசி குறைந்திருந்தது. இவருடைய வாய் திறந்தபடியே நின்றது. துரை தக்கையை எடுத்து மணந்தார். பிறகு கதிரையில் விழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தப் புகை மணம்தான் அவருடைய தீவு விஸ்கியின் பெருமையாம். பதினொரு வருடத்தில் இந்த நாட்டில், மற்றத் துரைமாரையும் சேர்த்து, இதைக் குடித்துவிட்டு முகம் கோணாத முதல் ஆள் நான்தானாம். இன்னொரு கிளாஸ் கேட்டு வாங்கி எனக்கு ஊற்றினார், சொக்கலேட் தகரத்தை என் பக்கம் தள்ளினார், நடுத்தாளைத் தூக்கிக் கீழடுக்கு வெறுமையாக இருந்ததைக் கண்டு மறுபடியும் சிரித்தார். நான் இருந்து குடித்தேன். இவரும் அண்ணனும் கராம்புச் சாராயத்தைக் குடித்தார்கள்.

ஈயத்தாளில் இருந்தது கந்தோர்க் கோந்து என்று துரைக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. ஆனாலும் அவர் அதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது எனக்குத்தான் முதலில் கை தந்தார்.

தை மாதக் கடைசியில் கடிதம் வந்தது. ‘பதில்’ விழுந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சபையார் பத்துப் பதினைந்து பேர் வாழ்த்துச் சொல்ல வீட்டுக்கு வந்தார்கள். அதற்குள் விஷயம் ஊரெல்லாம் தெரிந்திருந்தது. அண்ணன் வாய் சும்மா இருக்குமா? பெண்கள் என் கையால் தேநீர் வாங்கும்போது என் வாயை மணந்து பார்க்கிற மாதிரிக் குனிந்தார்கள். பெரிய கிளாக்கர் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

“இவள் செய்தது எல்லாருக்கும் தெரியும். ஆனா நம்மட வேதம் நமக்கு என்ன சொல்லித் தந்திரிக்கி? நான் இவள மன்னிச்சிட்டன்,” என்றார்.

எல்லாரும் ஆமென் என்றார்கள். போதகர் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார், எவ்வளவு பொறுமையான மனிதர் என்று சொன்னார். நான் தேநீர்த் தட்டோடு நின்றேன். அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். நான் அவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி அவர் ஒருநாளும் கேட்டதுமில்லை.