காலடியில் வெந்நீர்

எழுபதுகளின் தொடக்கத்தில் என்னிடம் ஒரு பழைய சீமைக் கார் இருந்தது. ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் விற்றதை யாரோ வாங்கி, அவரிடமிருந்து இன்னொருவர் வாங்கி, கடைசியில் ஏமாந்தவன் நான். அந்த வண்டி பெட்ரோலைவிடத் தண்ணீரைத்தான் அதிகம் குடித்தது. காலையில் மந்தைவெளி வீட்டு வாசலில் ரேடியேட்டரை நிரப்பிக்கொண்டு கிளம்புவேன். அடையாறு போய்ச் சேர்வதற்குள் இரண்டு டம்ளராவது காணாமல் போயிருக்கும். அங்கே மறுபடி ஊற்றாமல் கிண்டியில் என் தொழிற்சாலைக்குப் போனால் சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறிவிடும்.

அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில் என் மனைவி நர்ஸ். குழந்தைகள் வார்டு. கைக்குழந்தையின் தலையில் நரம்பு தேடி ஊசி ஏற்ற வேண்டுமென்றால் அவளைத்தான் கூப்பிடுவார்களாம். தினமும் அவளை இறக்கிவிட்டுப் போவது என் வழக்கம். இடப்பக்கம் உட்கார்ந்து, ரேடியேட்டருக்கான தண்ணீரை ஓர் எவர்சில்வர் தூக்கில் மடியில் வைத்துக்கொண்டு வருவாள். கீழே வைத்தால் கவிழ்ந்துவிடும். அதன் மூடி சரியாகப் பொருந்தாது.

வண்டிக்கடியில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. செய்தித்தாளை விரித்துப் பார்த்தேன், காய்ந்தே கிடந்தது. தி. நகரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ரேடியேட்டரைக் கழற்றி ஈயம் வைத்தான். ஓஸ் பைப்புகளை மாற்றினான். எதிர்வீட்டு ரிடையர்டு ரயில்வேக்காரர் சொன்னாரென்று மஞ்சள்தூளைக் கரைத்து ரேடியேட்டரில் ஊற்றினேன். ஓட்டை இருந்தால் அடைத்துவிடுமாம். ஒரு வாரம் வண்டியிலிருந்து ரசம் வாசனை வந்ததுதான் மிச்சம்.

இதற்கு நடுவில் அவளுடைய புகார் வேறு.

"என்னங்க, கீழே ஈரமா இருக்கு. வெதுவெதுன்னு இருக்கு."

"தூக்கை ஒழுங்கா பிடி. நீதான் சிந்தறே."

"நான் சிந்தலை."

"பின்னே மேலேர்ந்து கொட்டுதா? வெயில்ல இருந்த தண்ணி, வெதுவெதுன்னுதான் இருக்கும்."

காலை ஏழரை மணிக்கு என்ன வெயில் என்று அவள் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. முன்கண்ணாடி உள்பக்கம் ஆவி படிந்து மங்கும். அதற்கும் அவள்மேல்தான் பழி. இவ்வளவு பேசினால் கண்ணாடி மங்காமல் என்ன செய்யும் என்பேன். தூக்கில் தண்ணீர் எவ்வளவு இருந்தது, எவ்வளவு குறைந்தது என்று ஒரு நாளாவது எட்டிப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை.

ஒருநாள் பாலத்தின்மேல் வண்டி குலுங்கியபோது மூடியோரம் நாலு சொட்டு அவள் புடவையில் தெறித்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு. "பார்த்தியா? உன் கை நடுங்குது," என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. அவளுடைய அப்பாவுக்கு நடுக்குவாதம். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர், கடைசியில் காப்பி டம்ளரைப் பிடிக்க முடியாமல் அடுத்தவர் ஊட்ட வேண்டியிருந்தது. எல்லாம் தெரிந்துதான் சொன்னேன். அன்றைக்கு மட்டுமல்ல, தரை ஈரமானபோதெல்லாம் சொன்னேன்.

அதன்பிறகு அவள் வாதாடுவதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் காலையில் ஜன்னலோரம் நின்று, இரண்டு கைகளையும் நீட்டி, விரல்கள்மேல் ஒரு தாளை வைத்து அது ஆடுகிறதா என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் தாளை மடித்துவிட்டாள். சில நாள் கழித்து, சாப்பாடு போடும்போது சொன்னாள்.

"அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. மேட்ரன்கிட்ட சொல்லி ரிக்கார்டு ரூமுக்கு மாத்திக்கலாம்னு பார்க்கிறேன். குழந்தைங்க விஷயம். ஊசி போடற வேலை வேண்டாம்."

மறுநாள் மெக்கானிக்கிடம் வண்டியை விட வேண்டுமே என்ற எரிச்சலில் இருந்தேன். "உனக்கு எது வசதியோ செய்," என்றேன்.

மறுநாள் அவளை இறக்கிவிட்டு நேரே தி. நகர் போனேன். மெக்கானிக் தலையைச் சொறிந்தான். "தண்ணி கீழ உழல சார். அப்போ இஞ்சினே குடிச்சிக்கினு கீது. இஞ்சின் ஹெட்டைத் தொறந்துற வேண்டியதுதான்." வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவன் அசரவில்லை. "கத்தாத சார். நீ ஓட்டு, நான் சத்தம் கேக்கறேன்," என்று இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தான். எப்போதும் அவன் ஓட்டுவான், நான் ஷூவும் சாக்ஸுமாக இடப்பக்கம் உட்காருவேன். அன்றைக்குத்தான் மாறி உட்கார்ந்தோம். அவன் காலில் செருப்பு இல்லை.

பனகல் பார்க்கை ஒரு சுற்று சுற்றியிருப்போம்.

"நிறுத்து சார், நிறுத்து. காலாண்ட இன்னா சுடுது?"

கால்மிதியைத் தூக்கினான். கீழே துரு கலந்த தண்ணீர், கொஞ்சம் மஞ்சள் நிறத்தில். குனிந்து, டாஷ்போர்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினான். உள்ளே ஒரு தகரப் பெட்டி, இஞ்சினிலிருந்து அதற்கு இரண்டு குழாய்கள். பெட்டியின் அடியில் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது.

"ஹீட்டரு சார்! வெள்ளக்காரன் ஊர்ல குளுருக்குக் காத்து சூடு பண்ண வெச்சது. மெட்ராஸ்ல இது இருக்கும்னு எவன் பாப்பான்?"

டாஷ்போர்டில் ஒரு குமிழ் இருந்தது. எதற்கென்று தெரியாமல் இரண்டு வருஷமாக அதில் என் கைக்குட்டையைத் தொங்கவிட்டிருந்தேன். அதுதான் ஹீட்டருடைய குமிழாம். மெக்கானிக் அந்த இரண்டு குழாய்களையும் கழற்றி, இஞ்சின் பக்கத்திலேயே ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டினான். அரைமணி நேர வேலை. அவன் சிரித்துக்கொண்டே செய்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெதுவெதுன்னு இருக்கு என்று அவள் எத்தனை முறை சொல்லியிருப்பாள்? அவமானமாக இருந்தது.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் கையில் ஒன்றுமில்லை என்றும் சொன்னேன். அவள் முகத்தில் சிரிப்போ கோபமோ இல்லை.

"காலையிலேயே மேட்ரன்கிட்ட லெட்டர் குடுத்துட்டேனே," என்றாள்.

பிறகு தூக்கை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். நிரப்பிக்கொண்டு வந்து, மூடியைப் பின்சீட்டில் வீசினாள். தூக்கை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஓட்டுங்க."

மெதுவாகப் போனேன்.

"வழக்கமா எப்படி ஓட்டுவீங்களோ அப்படி ஓட்டுங்க."

பாலத்துக் குழிகளில் வண்டி தூக்கிப் போட்டது. அவள் ரோட்டைப் பார்க்கவில்லை, தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள். வீடு வந்ததும் புடவையைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. தண்ணீரை வாசல் செம்பருத்திக்கு ஊற்றிவிட்டு, வெறும் தூக்கை என் கையில் கொடுத்தாள்.

"நாளைக்கு நீங்களும் உள்ளே வரணும். ஏன் அந்த லெட்டர் எழுதினேன்னு நீங்களே சொல்லுங்க."

மறுநாள் மேட்ரனின் மேசை முன்னால் நின்று, ஹீட்டர் கதை முழுவதையும் சொன்னேன். நடுவில் வெள்ளைக்காரனைத் திட்டினேன், மெக்கானிக்கைத் திட்டினேன். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இழுப்பறையிலிருந்து கடிதத்தை எடுத்தார்.

"உங்களுக்குக் கல்யாணமாகி எத்தனை வருஷம்?"

"ஏழு வருஷம்."

"எங்கிட்ட ஆறு வருஷமாத்தான் வேலை பார்க்கிறா," என்றார் மேட்ரன். "எனக்கே தெரியும் அந்தக் கை நடுங்காதுன்னு."

கடிதத்தை என்னிடம் நீட்டினார். வாங்கிய கை நடுங்கியது. பக்கத்தில் நின்றிருந்தவள் அதைப் பார்த்துவிட்டு, குழந்தைகள் வார்டுக்குப் போனாள்.