இலுப்பைப் பிண்ணாக்குச் சாக்கு

வடக்கில் யுத்தம் நடந்த தொண்ணூற்றாறாம் ஆண்டு, கொழும்பின் வெள்ளவத்தைக் கால்வாயில் ஒரு காலை மீன்கள் வயிறு வெளுத்து மிதந்தன. தண்ணீரில் யாரோ நஞ்சு கலந்துவிட்டதாகக் கதை கிளம்பியது. கதை தெஹிவளைக்குப் போய்ச் சேர்ந்தபோது குழாய்த் தண்ணீரும் நஞ்சாகியிருந்தது. கொட்டாஞ்சேனையை எட்டுவதற்குள் இரண்டு பேர் செத்தே போனார்கள். செத்தவர்களின் பெயர்தான் எவருக்கும் தெரியவில்லை. கதையின் வாலைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தால், அது கால்வாய்க் கரையில் ஒரு கீரைப் பாத்தியில் போய் நிற்கிறது. பாத்தி மயிலம்மாவுடையது.

மயிலம்மா பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவள். கலியாணம் முடித்ததும் புருஷன் இருளப்பனோடு கொழும்புக்கு வந்தாள். எவரும் உரிமை கேட்காத அந்தத் துண்டு நிலத்தில் இருவரும் பொன்னாங்காணியும் வல்லாரையும் போட்டார்கள். எதிர்மாடியில் இருந்த இளைப்பாறிய உத்தியோகத்தர் சிவபாதசுந்தரத்துக்கு அவள் கீரை இல்லாமல் மத்தியானச் சோறு இறங்காது.

அந்த வருஷம் கீரை வாடியது. பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் முடிச்சு. மண்ணைக் கிளறினால் வெள்ளைப் புழு. மருந்துக்கடையில் தமிழன் பூச்சிமருந்து கேட்டால் கடைக்காரன் முதலில் தேடுவது அடையாள அட்டையை. ஆகவே இருளப்பன் கொட்டாஞ்சேனையில் ஸாலிஹ் நானாவின் பிண்ணாக்குக் கடைக்குப் போனான். இலுப்பைப் பிண்ணாக்கை இடித்து, ஊறவைத்து, மண்ணில் ஊற்றினால் புழு செத்துவிடும். தோட்டத்துப் பெண்கள் தலைக்குத் தேய்த்து முழுகுவதும் அதைத்தான்.

"வவுனியா லொறியில வந்த சாமான்," என்று ஸாலிஹ் நானா குரலைத் தாழ்த்தினார். வடக்கிலிருந்து வந்த எதையும் பொலிஸ் சந்தேகித்த காலம். கடைப் பெயர் அச்சடித்த வெறுஞ்சாக்கை உதறி, உள்பக்கம் வெளியே வரத் திருப்பினார். "கடைப் பேரு உள்ளுக்கே ஈக்கட்டும். எவனும் கேட்டா என்ட பேரச் சொல்லப்போடாது. வேல முடிஞ்சா சாக்கத் திருப்பித் தரோணும், சரியா?"

"சரிங்க நானா," என்றான் இருளப்பன்.

ஊற்றிய அன்றே மழை அடித்துப் பெய்தது. பாத்தியில் நிற்க வேண்டிய நுரைத்தண்ணீர் கால்வாய்க்குப் போயிற்று. புழுவைக் கொல்வது மீனையும் கொல்லும் என்று மயிலம்மாவுக்குத் தெரியாது. மலைத்தோட்டத்தில் அவள் மீன் கண்டது கருவாடாகத்தான். முதல் நாள் இருளப்பன் பீப்பாயிலிருந்து ஏதோ ஊற்றியதை மாடியிலிருந்து பார்த்த சிவபாதசுந்தரம், பஸ் தரிப்பிடத்தில் அதை நாலு பேரிடம் கதைத்தார். மத்தியானம் இருளப்பனையும் சாக்கையும் பொலிஸ் கொண்டுபோயிற்று.

மயிலம்மா மாடிப்படி ஏறி ஓடினாள். "ஐயா, ஒரு வார்த்தை வந்து சொல்லுங்க. எங்கள ஒங்களுக்குத் தெரியுமில்ல?"

"நான் வந்தால் உமக்குத்தான் பிள்ளை வில்லங்கம்," என்றார் அவர் கதவைப் பாதி சாத்தியபடி. "அது சரி, நாளைக்குக் கீரை வருமோ?"

பொலிஸ் நிலையத்தில் அவள் தனியே நின்றாள். சிங்களம் அவளுக்கு நன்றாக வரும்.

"நஞ்சில்லை என்றால் குடித்துக் காட்டு," என்றார் இன்ஸ்பெக்டர்.

"குடிக்கிற சாமான் இல்லைங்க மாத்தயா. தலைக்கு வைக்கிறது."

சொன்னதோடு நிற்கவில்லை. முற்றத்துக் குழாயடியில் கொண்டையை அவிழ்த்து, சாக்கில் மிஞ்சியிருந்த பிண்ணாக்கில் ஒரு பிடி அள்ளிக் கரைத்துத் தேய்த்தாள். பொங்கிய நுரை காதை மூடியது. கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள். கிராமத்திலிருந்து வந்த சார்ஜன்ட் ஒருவர், "எங்கள் வயலுக்கும் இதைத்தான் போடுவோம், சேர்," என்றார். கம்பிக் கதவுக்குள் கேட்டுக்கொண்டிருந்த இருளப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

இன்ஸ்பெக்டர் நியாயஸ்தர், எதையும் சோதித்துப் பார்ப்பவர். அவள் தலை கழுவிய தண்ணீரில் ஒரு கோப்பை அள்ளி, மேசையில் இருந்த கண்ணாடித் தொட்டியில் ஊற்றினார். அதில் இரண்டு தங்கமீன்கள். தேத்தண்ணீர் வந்து, குடித்து, ஆறிப்போன அடிமண்டியைக் கொட்டுவதற்குள் இரண்டும் சரிந்தன.

ஆக, கூந்தல் ஒரு சாட்சி. மீன் ஒரு சாட்சி. கூந்தல் தமிழச்சியுடையது, மீன் அரசாங்கத்துடையது. எது பொய் சொல்லும் என்று எவரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சாக்கின் வாயைக் கட்டி அரக்கு முத்திரை வைத்தார்கள். ஈரத் தலையோடு மயிலம்மா வெளியே தள்ளப்பட்டாள்.

சாக்கு எங்கே வாங்கியது என்பதுதான் உள்ளே கேட்ட கேள்வி. தள்ளுவண்டிக்காரனிடம் என்றான் இருளப்பன். முதல் அடிக்கும் அதே வண்டிக்காரன். விரல்களை மேசை விளிம்பில் வைத்து நசுக்கியபோதும் அதே வண்டிக்காரன். தெற்கே ஒரு தடுப்பு முகாமில் ஒரு வருஷத்துக்கு மேல் அந்த வண்டி ஓடியது. பிறகு வழக்கும் இல்லை, விளக்கமும் இல்லை, போகச் சொன்னார்கள். திரும்பி வந்தவனுக்கு வலக்கை மடங்கவில்லை. மண்வெட்டி இப்போது மயிலம்மாவின் கையில். வேர்முடிச்சு பாத்தி முழுக்கப் பரவியிருந்தது. மறுபடி பிண்ணாக்கு வாங்க அவளுக்குத் துணிவு இல்லை. சிவபாதசுந்தரம் கீரை சின்னதாகிவிட்டது என்று குறைப்பட்டுக்கொள்கிறார்.

ஸாலிஹ் நானா இடைக்கிடை வருவார்.

"சாக்கு வந்திச்சா புள்ள?"

"புதுசா ஒன்னு வாங்கித் தந்திர்றேனே, நானா."

"புதுசு வாணாம். அந்தச் சாக்குத்தான் வேணும்."

குடிசைக்குள் இருளப்பன் விரல்களில் எண்ணெய் தடவிக்கொண்டிருப்பான். ஸாலிஹ் நானாவின் பார்வை அந்தக் கையில் ஒரு கணம் விழும். உடனே கால்வாய்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். அவர் போன பிறகு மயிலம்மா கேட்பாள்: "பேரச் சொல்லலேன்னு அவருகிட்ட நீ சொல்லக் கூடாதா?"

"சாக்கத் தர்றேன்னும்தான் சொல்லியிருந்தேன்," என்பான் இருளப்பன்.

சாக்கு இன்னும் பொலிஸ் களஞ்சியத்தில்தான், அரக்கு முத்திரையோடு, உள்பக்கம் வெளியே தெரியக் கிடக்கிறது.