மூன்றாம் தடவை இங்கிலீஷ் பேப்பர்

பத்தாம் வகுப்பில் எனக்கு இங்கிலீஷ் மட்டும் பாக்கி. முப்பத்தாறு வயதில் இரண்டு தடவை எழுதி, இரண்டிலும் பெயில். எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். ஆந்திராவில் போர்வெல் லாரி, ஓசூரில் ஓட்டல் அடுப்படி என்று சுற்றிவிட்டு, தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தேன். அங்கே ஐஸ் கம்பெனியில் மெஷின் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டார்கள். பத்தாவது பாஸாகியிருக்க வேண்டும். இந்தத் தடவையும் போனால் திரும்ப லாரி ஏறிவிடுவது என்று இருந்தேன்.

பக்கத்தில் உப்பளம் என்ற பகுதியில், ஒரு பள்ளிக்கூடத்தில் ஞாயிறு காலையில் எங்களைப் போன்றவர்களுக்கு வகுப்பு நடக்கும். தேர்வுக்கு முந்தின ஞாயிறு எல்லாவற்றையும் திருப்பிப் பார்த்தோம். மிஸ்ஸுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. பெயர்ச்சொல், வினைச்சொல், காலங்கள் எல்லாம் அரை மணியில் ஓடின. செயப்பாட்டு வினை எனக்குப் பிடிக்கும். 'ஐஸ் உடைக்கப்பட்டது' என்று எழுதினால் உடைத்தவன் தப்பித்துக்கொள்ளலாம். பிறகு வந்தது கவிதைப் பகுதி. இரண்டு தேர்விலும் நான் ஒன்றும் எழுதாமல் எழுந்து வந்த பகுதி அதுதான்.

மிஸ் சிமிலிக்கு, அதாவது உவமைக்கு, உதாரணம் கேட்டார். முதல் ஆள், சிங்கம் போல வீரன் என்றார். அடுத்தவரும் சிங்கம். வரிசையாக ஐந்து பேர் சிங்கம். எல்லோரும் படித்தது ஒரே கைடு.

"இந்த ரூம்ல சிங்கத்த வுட்டா வேற ஜீவனே இல்லியா?"

"நாங்க என்னா மிஸ் பண்றது? கைடுல அதான் கெடக்குது" என்றார் மீன் விற்கும் அக்கா.

"கைட மூடுங்கக்கா. வெலையக் கொறச்சிக் கேக்கறவன்கிட்ட எப்டிப் பேசுவீங்க? தோ, அந்த அண்ணன்தான் மீன் வாங்க வந்திருக்காரு."

மிஸ் காட்டியது என்னை. அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்.

"ஏன்யா, ஐஸ்ல போட்ட கணவா மீனு மாரி மூஞ்ச வச்சிக்கினு நிக்கிற? உன் பையே வாயத் தொறந்து மீனு கேக்குது, நீ தொறக்க மாட்டன்ற. நீயெல்லாம் ஆளா? வெறும் செதிலு!"

வகுப்பே சிரித்தது. மிஸ் பலகையில் எழுதினார். கணவா, சிமிலி. பை ஆள் மாதிரி பேசியது, பெர்சானிஃபிகேஷன். என்னையே செதிலாக்கியது, மெட்டஃபர். ஒரே வசவில் பாடம் முடிந்துவிட்டது.

"இப்ப நீங்கண்ணா. இங்கிலீஷ்ல திருப்பிக் குடுங்க."

வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று நழுவிவிடுவேன். அன்று எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்: "தி ஐஸ் இஸ் க்ரையிங்."

"எதுக்காம்?" என்றார் அக்கா.

"பிகாஸ்... அக்கா இஸ் கம்மிங்."

மிஸ் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்கா கைடை என் மேல் வீசினார்.

தேர்வில் வந்த கவிதையில் காற்று ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, உள்ளே வரலாமா என்று கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. பெர்சானிஃபிகேஷன் என்று எழுதி, ஏன் என்று இரண்டு வரியும் எழுதினேன். கடைசி மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

ரிசல்ட்டைப் போனில் பார்த்துச் சொன்னது அக்காதான். எனக்கு நாற்பத்தொன்று, அவருக்கு நாற்பத்தாறு.

"அஞ்சு மார்க்கு கம்மியா வாங்கிட்டு என்னா இளிப்பு? போய் மெஷின் வேலைக்கு எழுதிக் குடு. இங்கிலீஷ்ல எழுது!"

தமிழில்தான் எழுதிக் கொடுத்தேன். வேலை கிடைத்தது.