கலிங்குப் பக்கம் போன படகு

தண்ணீர் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம். கிணற்று மோட்டார் பார்க்கக் கூப்பிட்டால்கூட, மேட்டில் நின்றபடியே "மேல தூக்கிக் குடுங்க, பாக்கறேன்" என்று சொல்லிவிடுவேன். கள்ளக்குறிச்சியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் கடை. லாரி, டிராக்டருக்கு இன்ஜினைக் கிளப்புகிற செல்ப் மோட்டார், டைனமோ, ஒயரிங் பார்ப்பது தொழில். படிப்பு எட்டாவது. மற்றதெல்லாம் முருகன் போட்ட பிச்சை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், டவுனில் துணிக்கடை வைத்திருந்த பாய் ஒருத்தர் ஒரு பேட்டரியைச் சுமந்துகொண்டு வந்தார். கல்வராயன் மலைமேல் ஓர் ஏரியில், ஊர் பார்க்க வருகிறவர்களை ஏற்றிச் சுற்றிக் காட்ட ஒரு சின்ன மோட்டார் படகு விட்டுக்கொண்டிருந்தார்.

"செல்ப் எடுக்கல மேஸ்திரி. பேட்டரிய சார்ஜ் போடுங்க. பூஜை முடிஞ்சு நீங்களே மேல வந்து பாத்துக் குடுங்க."

"படகா? நமக்கு அதெல்லாம் பழக்கமில்லையே பாய்."

"அதுலயும் அதே ஒயரு, அதே செல்புதான். லாரிக்கு சக்கரம் கீது, இதுக்கு இல்ல. அவ்ளோதான்."

ஒப்புக்கொண்டேன். வீட்டுக்காரியும் கிளம்பிவிட்டாள். "கல்யாணம் கட்டிக்கினு வந்து இத்தினி வருசத்துல சின்னசேலம் ஸ்டேஷனத் தாண்டி எங்க இட்டுக்கினு போனீங்க?" என்று கேட்டாள்.

பூஜைக்கு மறுநாள் கச்சிராயப்பாளையம் வழியாக மலை ஏறினோம். நல்ல மழை பெய்து ஏரி தளும்பிக் கிடந்தது. மறுகோடியில், நிரம்பிய தண்ணீர் வெளியேறும் கலிங்கு வழிந்து, தண்ணீர் கீழே பாறையில் விழுகிற சத்தம் இந்தக் கரை வரைக்கும் கேட்டது. அந்தப் பக்கம் திரும்பாமலே வேலை பார்த்தேன். எர்த் ஒயர் பச்சை பூத்து இற்றுப்போயிருந்தது. புது ஒயர் போட்டு, கொண்டுபோன பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். இன்ஜின் பிடித்துக்கொண்டது.

"ஒரு ரவுண்டு போய்ப் பாத்துடலாம், ஏறுங்க" என்றார் பாய்.

"நீங்க போய் வாங்க. நான் கரையிலேர்ந்து பாக்கறேன்."

"இன்னா மேஸ்திரி, நீங்க ரிப்பேர் பண்ணதுல நீங்களே ஏற மாட்டீங்களா? அப்புறம் சனங்கள நான் எப்பிடி ஏத்தறது?"

அதற்குள் வீட்டுக்காரி ஏறி உட்கார்ந்திருந்தாள். நானும் ஏறினேன். சும்மா ஒரு சுற்றுதானே என்று மிதவைச் சட்டைகளைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டோம். நங்கூரக் கல்லும் கரையிலேயே கிடந்தது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி சூடான பிறகு ஒரு தடவை நிறுத்தி, மறுபடி எடுத்துக் காட்டினால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். நடு ஏரியில் அந்த வழக்கம் எனக்கு ஞாபகம் வந்தது. "நிறுத்துங்க பாய், சூட்டுல ஒரு தபா எடுத்துப் பாத்துடலாம்" என்றேன். நிறுத்தினார். திரும்பச் சாவியைத் திருப்பினார்.

டக். அவ்வளவுதான்.

மறுபடியும் டக்.

கையால் இழுத்துக் கிளப்புகிற கயிறு எங்கே என்று கேட்டேன். அறுந்துபோய் நாளாயிற்றாம். செல்ப் இருக்கிறதே என்று மாற்றவில்லையாம். இருந்தது ஒரே துடுப்பு. மலையிலிருந்து இறங்கிய காற்று, படகைக் கலிங்குப் பக்கமாகத் தள்ள ஆரம்பித்தது. பாய் துடுப்பைப் போடப் போட, படகு சுற்றியதே தவிரப் பின்னால் வரவில்லை.

"இன்னாங்க, சத்தம் ஜாஸ்தியாவுது" என்றாள் வீட்டுக்காரி. அவளுக்கும் நீச்சல் தெரியாது.

வீட்டில் ரெண்டு பெண்பிள்ளைகள், விளையாடிவிட்டு வந்து பூட்டின கதவைப் பார்த்து நிற்பது போல ஒரு தோற்றம். முருகா, முருகா என்று வாய் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. பியூஸைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. கியர் நியூட்ரலில்தான் இருந்தது. புது எர்த் ஒயரை இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. ஹாரனை அமுக்கினேன், அலறியது. ஹாரனை அமுக்கிக்கொண்டே சாவியைத் திருப்பச் சொன்னேன். ஹாரன் சத்தம் அப்படியே செத்துப்போனது.

பேட்டரி நேற்று முழு சார்ஜ் ஏறியது. அப்படியானால் கரண்ட் நடுவில் எங்கேயோ நின்றுபோகிறது. நிற்கிற இடம் சுடும். அது எனக்குத் தெரியும்.

"விடாம திருப்பிக்கினே இருங்க பாய்!"

ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுக்கொண்டே வந்தேன். பேட்டரியின் பாசிட்டிவ் கிளாம்பில் விரலை வைத்ததும் சுரீர் என்றது. கிளாம்பைக் கழற்றினேன். உள்ளே, கிளாம்பு கவ்வுகிற ஈயக் குமிழைச் சுற்றிச் சந்தனம் காய்ந்து ஓடாய் ஒட்டியிருந்தது. அதன்மேல் குங்குமம்.

வைத்தவன் நான்தான். பூஜை அன்றைக்குக் கடையில் இருந்த எல்லா சாமானுக்கும் வைக்கும்போது, இந்தப் பேட்டரிக்கும் ரெண்டு குமிழிலும் குழைத்து அப்பி, கும்பிட்டேன். மலைமேல் அதைத் துடைக்காமல், துடைக்க மனசு வராமல், அதன்மேலேயே கிளாம்பை மாட்டினேன். தடிப்பாய் அப்பியதில் உள்ளே ஈரம் இருந்த வரைக்கும் கிளாம்பு எப்படியோ பல் பதித்திருந்தது. காய்ந்து, படகு அதிர்ந்ததும் விட்டுவிட்டது.

அந்த நேரத்திலும் ஒரு கணம் கை நின்றது. சாமிக்கு வைத்ததை எப்படிச் சுரண்டுவது?

"அது இன்னா, சந்தனமா?" வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "பாத்துக்கினு கீறீங்களே! சாமி இன்னா, நம்மள தண்ணில தள்ளவா கேட்டுச்சு?" தாலிக் கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கைப் பிடுங்கி நீட்டினாள்.

சந்தனத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சுரண்டினேன். ஈயம் பளிச்சென்று தெரிகிற வரை ரெண்டு குமிழையும் சுரண்டினேன். கலிங்கின் சிமென்ட் விளிம்பு தெரிந்தது. அதற்கப்பால் தண்ணீரே தெரியவில்லை, வெறும் வானம். கிளாம்பை இறுக்கி, "இப்போ!" என்று கத்தினேன்.

பிடித்துக்கொண்டது. பாய் படகைத் திருப்பிய திருப்பில் பாதி ஏரித் தண்ணீர் எங்கள் மேல்.

கரைக்கு வந்து இறங்கினோம். பாய் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "இன்னா கோளாறு மேஸ்திரி?"

"டெர்மினல் லூஸ்" என்றேன். வீட்டுக்காரி என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. "லூஸ் இல்ல பாய். நான்தான் சந்தனம் வெச்சு அதும்மேல மாட்டினேன். உங்க உசுரையும் சேத்து எடுக்கப் பாத்தேன்" என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

பாய் படகை இழுத்துக் கட்டினார். பிறகு, "மொதல்ல அந்தக் கயிற மாத்தறேன்" என்றார். "மெதவச் சட்டையும் போடாம இனிமே யாரையும் ஏத்த மாட்டேன்."

இன்றைக்கும் ஆயுத பூஜைக்குப் பேட்டரிகளை வரிசையாக வைத்துத்தான் கும்பிடுகிறேன். சந்தனக் கிண்ணத்தை எடுக்கும்போதே வீட்டுக்காரி பின்னால் வந்து நின்றுவிடுவாள். "பொட்டிக்கு வைங்க. குமிழுக்கு வேணாம்." பெட்டியின் நெற்றியில்தான் வைக்கிறேன். அப்போது காதில் அந்தத் தண்ணீர்ச் சத்தம் வரும். கற்பூரம் அணையும் வரை போகாது.